உப்பியது கெப்பாசிட்டர், குப்பைக்குப் போவது போர்டு

"மதர்போர்டு போயிடுச்சு சார், வேற போட்டுடலாம்." கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குக் கொண்டுபோனவர்களில் பலர் இந்தத் தீர்ப்பைக் கேட்டிருப்பார்கள். போர்டில் எது போனது என்று கேட்டால் பதில் வராது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் பதில் கண்ணெதிரே நிற்கும். ப்ராசசரைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும் சிறு உருளைகளில் நான்கைந்து தலை உப்பியிருக்கும். ஒன்றிரண்டின் உச்சியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். அதைப் பார்த்த பிறகும் தீர்ப்பு மாறுவதில்லை. போர்டு டெட், புதுசு வாங்குங்கள்.

இதைச் சில கடைக்காரர்களின் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கல்லூரி லேப் பொறுப்பாளர்கள், அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஏஎம்சி ஒப்பந்தக்காரர்கள், எலக்ட்ரானிக்ஸ் படித்த பொறியாளர்கள் என்று பலரும் மனதார நம்பும் கருத்து இது. அவர்கள் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். மதர்போர்டு பல அடுக்குகள் கொண்ட நுட்பமான பலகை, கையால் அயர்ன் வைத்தால் உள்ளிருக்கும் செம்புப் பாதை அறுந்துவிடும். கெப்பாசிட்டரை மாற்றினாலும் இன்று ஒன்று, நாளை இன்னொன்று என்று போய்க்கொண்டேதான் இருக்கும். டெக்னீஷியன் செலவிடும் நேரத்துக்குக் கூலி போட்டால் ஒரு போர்டின் விலை வந்துவிடும். எப்படியும் அந்த மெஷின் பழசு, புதியது வேகமானது, மின்சாரமும் குறைவாக இழுக்கும். போதாததற்கு, இப்போது வரும் போர்டுகளில் உப்பக்கூடிய கெப்பாசிட்டரே அநேகமாகக் கிடையாது. ஆகவே அயர்னைக் கையில் எடுப்பது பொழுதுபோக்குக்குச் சரி, தொழிலுக்கு ஆகாது.

இந்த ஐந்து வாதங்களிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்காது. ஆனால் அவை கொண்டுசேர்க்கும் முடிவு தவறு. கெப்பாசிட்டர் உப்பிய போர்டு செத்த போர்டு அன்று. காலப்போக்கில் கெட்டுப்போகும் என்று தயாரித்தவருக்கே தெரிந்த ஒரு பாகம் அதில் கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாகத்தை மாற்றினால் அது பழுதுபார்ப்பு. போர்டையே மாற்றினால் அது விற்பனை.

அந்த உருளை என்ன செய்கிறது என்பது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இதற்காகப் போர்டுக்கு வருவது 12 வோல்ட். ப்ராசசருக்கு வேண்டியதோ சுமார் 1.3 வோல்ட். 65 வாட் ப்ராசசர் ஒன்று அந்த மின்னழுத்தத்தில் 50 ஆம்பியர் கேட்கும். இந்த மாற்றத்தைச் செய்யும் சுற்று நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. வெட்டுப்பட்டுத் துள்ளிவரும் அந்த மின்சாரத்தைச் சமன்செய்து கொடுப்பதுதான் கெப்பாசிட்டர்களின் வேலை. உள்ளே மெல்லிய அலுமினியத் தாள்கள், நடுவில் எலக்ட்ரோலைட் என்ற திரவத்தில் ஊறிய காகிதம். எல்லாவற்றையும் சுருட்டி அலுமினியக் குப்பிக்குள் அடைத்து, அடியை ரப்பரால் மூடியிருப்பார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் குப்பி குண்டுபோல் வெடிக்காமல் மெல்லத் திறந்துகொள்வதற்காகவே அதன் தலையில் பெருக்கல் குறிபோலக் கீறி வைத்திருக்கிறார்கள். தலை உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள்.

திரவம் கெடக் கெட கெப்பாசிட்டரின் உள்தடை உயர்கிறது. சர்வீஸ் மொழியில் இதை இ.எஸ்.ஆர். என்பார்கள். உள்தடை உயர்ந்தால் சூடு கூடும், சூடு கூடினால் திரவம் மேலும் கெடும், உள்தடை மேலும் உயரும். ப்ராசசருக்குப் போகும் மின்சாரம் சமநிலை இழக்கும். முதலில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பிறகு நீலத்திரை வரும். பிறகு காலையில் பவர் பட்டனை நாலைந்து தடவை அழுத்தினால்தான் எழுந்திருக்கும். கடைசியில் ஃபேன் மட்டும் சுற்றும், டிஸ்ப்ளே வராது. இந்தக் கட்டத்தில்தான் போர்டுக்கு மரணச் சான்றிதழ் எழுதப்படுகிறது. ப்ராசசர், சிப்செட், ராம் எதிலும் குறையிருக்காது. சில ரூபாய்ப் பாகம் ஒன்று தன் வேலையைச் செய்யவில்லை.

இப்படி உலகமே ஒருமுறை அவதிப்பட்டிருக்கிறது. 2000-களின் தொடக்க ஆண்டுகளில், தைவான் கம்பெனிகள் பலவற்றின் கெப்பாசிட்டர்கள் காலத்துக்கு முன்பே கூட்டம்கூட்டமாக உப்பிக் கசிந்தன. எலக்ட்ரோலைட்டில் நீரின் அளவைக் கூட்டினால் உள்தடை நன்றாகக் குறையும். ஆனால் நீர் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனை உண்டாக்கும். அதைத் தடுக்கும் சேர்மானங்கள் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். அந்தச் சேர்மானம் போதாத திரவம் தொழிற்சாலைகளுக்குள் புகுந்துவிட்டது. ஜப்பானின் ரூபிகான் கம்பெனியை விட்டுச் சீனாவுக்குப் போன ஒரு விஞ்ஞானி வழியாகச் சூத்திரம் அரைகுறையாகத் திருடுபோய்த் தைவானுக்கு வந்தது என்ற செய்தி 2002-ல் வெளியானது. 2003 பிப்ரவரியில் ஐட்ரிபிள்இ ஸ்பெக்ட்ரம் இதழும் இதைப் பற்றி எழுதியது. திருட்டுக் கதை எவ்வளவு தூரம் உண்மையோ, திரவம் கெட்டது என்பதில் சந்தேகமில்லை. அந்த ஆண்டுகளில் உலகெங்கும் குப்பைக்குப் போன போர்டுகளில் ஏராளமானவை இந்த ஒரே காரணத்துக்காகப் போனவை.

இனி வாதங்களுக்கு வருகிறேன்.

1. "பல அடுக்குப் பலகை, அயர்ன் பட்டால் கெட்டுவிடும்."

சூடு ஆகாது என்றால் மதர்போர்டு உருவாகியே இருக்காது. இந்தக் கெப்பாசிட்டர்களின் கால்கள் பலகையின் துளைகளுக்குள் இறங்குபவை. பாகங்களைச் செருகிய பலகையின் அடிப்பக்கத்தை, உருகிய உலோகத்தின் அலைமீது ஓடவிட்டுத்தான் தொழிற்சாலையில் அவற்றைப் பற்றவைக்கிறார்கள். அந்தக் குழம்பின் சூடு சுமார் 250 டிகிரி செல்சியஸ். அதைத் தாங்கிய பலகை, அயர்னின் நுனியைச் சில நொடிகள் தாங்காதா?

உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. கெப்பாசிட்டரின் மைனஸ் கால், பலகையின் உள்ளடுக்கில் பரந்துகிடக்கும் செம்புத் தகட்டோடு இணைந்திருக்கும். நாம் கொடுக்கும் சூட்டை அந்தத் தகடு உறிஞ்சி நாலாபக்கமும் பரப்பிவிடும். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் அயர்னை அங்கே அழுத்திக்கொண்டு நின்றால் ஈயம் எளிதில் உருகாது. உருகுவதற்குள் பொறுமையிழந்து கெப்பாசிட்டரைப் பிடுங்குவார்கள். துளையின் உட்சுவரில் அடுக்குகளை இணைக்கும் செம்புக் குழாய் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. காலோடு அதுவும் சேர்ந்து வந்துவிடும். போர்டு அப்போதுதான் உண்மையிலேயே சாகிறது. பழி அயர்ன்மேல் விழுகிறது.

முறையாகச் செய்பவர் இப்படிச் செய்வதில்லை. ஈயப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்ஓஎச்எஸ் விதி 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் தயாரான போர்டுகளில் பெரும்பாலும் ஈயமில்லாக் கலவைதான் இருக்கிறது. அது உருகச் சுமார் 217 டிகிரி வேண்டும். பழைய 63/37 சால்டரிங் லெட் 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே, கழற்றுவதற்கு முன் இரண்டு காலிலும் கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, இந்த 63/37 லெட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டும் கலந்தபின் உருகும் சூடு இறங்கிவிடும். சூட்டைக் கட்டுப்படுத்தக்கூடிய 60 வாட் ஸ்டேஷனும் அகலமான நுனியும் போதும். அடியில் ஒரு காலைச் சூடாக்கிக்கொண்டே மேலே கெப்பாசிட்டரை ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். பிறகு அடுத்த கால், அடுத்த பக்கம். இழுக்கவே கூடாது. இப்படி மாறி மாறிச் சாய்த்தால் தானாகவே கையோடு வந்துவிடும்.

பாதிப் பேர் தோற்பது அதற்கு அடுத்த கட்டத்தில். துளை ஈயத்தால் அடைபட்டிருக்கும். துளைக்கும் ஊசியை எடுத்து ட்ரில் போட்டால் உட்சுவர்ச் செம்பு போய்விடும். அடியில் அயர்னை வைத்து, ஈயம் பளபளவென்று உருகும்போது மேலிருந்து டீசால்டரிங் பம்ப்பால் உறிஞ்ச வேண்டும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் லெட் சேர்த்து மறுபடியும் உறிஞ்ச வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசியை அந்த உருகிய ஈயத்துக்குள் நுழைத்துச் சூட்டை எடுத்துவிடுவதும் ஒரு வழி. எஃகில் ஈயம் ஒட்டாது, ஊசியைச் சுழற்றி எடுத்தால் நேர்த்தியான துளை கிடைக்கும். புதிய கெப்பாசிட்டரில் வெள்ளைப் பட்டையோ வேறு நிறப் பட்டையோ ஓடும் பக்கம் மைனஸ். போர்டின் மேல் அச்சிட்ட வட்டத்தில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் மைனஸைக் குறிக்கும். எல்லாக் கம்பெனியும் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை என்பதால், கழற்றுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திசை மாறினால் புதியதும் வெடிக்கும்.

இதில் எது மனிதக் கைக்கு எட்டாதது? இந்தக் கெப்பாசிட்டர் கால்களின் தடிமன் 0.6 மில்லிமீட்டர் இருக்கும். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களை ஒட்டிய மொபைல் சர்வீஸ் கடைகளைப் பாருங்கள். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் போன் போர்டிலிருந்து ஐசியைத் தூக்கி, அதன் வயிற்றிலுள்ள நூற்றுக்கணக்கான ஈய உருண்டைகளைப் புதிதாக இட்டுத் திரும்பப் பொருத்துகிறார்கள் இளைஞர்கள். அறுந்த பாதைக்கு முடியளவு கம்பியால் ஜம்பர் போடுகிறார்கள். அதே தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் கடை, இரண்டு கால் உள்ள கெப்பாசிட்டரை மாற்றுவது அசாத்தியம் என்கிறது. சாத்தியம் பற்றிய பேச்சே இங்கு எழவில்லை. கற்றுக்கொள்ள மனமில்லை, அதுதான் விஷயம்.

2. "இன்று ஒன்றை மாற்றினால் நாளை இன்னொன்று போகும்."

இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அப்படிப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஏன் போனது என்று விசாரிக்காமல் விட்டதுதான் குறை. போவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு, பக்கத்தில் நிற்கும் அதே கம்பெனியின் அதே வரிசைக் கெப்பாசிட்டர்களை விட்டுவிடுவது. அவற்றுக்குள்ளும் அதே திரவம்தான் இருக்கிறது. மேலும், உப்பாமலேயே உள்தடை உயர்ந்துபோனவையும் உண்டு. கண்ணுக்கும் தெரியாது, சாதாரண மல்டிமீட்டரிலும் பிடிபடாது. அதற்கு இ.எஸ்.ஆர். மீட்டர் வேண்டும். எனவே ஒன்று உப்பியிருந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றுவதே முறை.

இரண்டாவது காரணம் இதைவிட மோசமானது. சென்னை ரிச்சி தெருவிலோ வேறு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ போய் "ஆயிரத்து ஐந்நூறு மைக்ரோஃபாரட், ஆறு புள்ளி மூன்று வோல்ட்" என்று மட்டும் கேட்டால், கையில் கிடைக்கும் சாதாரண ரகத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய ஆம்ப்ளிஃபயருக்கு அது போதும். மதர்போர்டில் ப்ராசசர் பக்கத்தில் நிற்கும் கெப்பாசிட்டருக்கு உள்தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். சாதாரண ரகத்தின் உள்தடை அதைவிடப் பல மடங்கு. மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் பொருந்தினாலும் வேலைக்கு அது பொருந்தாது. சூடாகி விரைவிலேயே உப்பிவிடும். "கெப்பாசிட்டர் மாத்தினா நிக்காது" என்ற பழமொழி பிறந்தது இந்தக் கைக்காரியத்தால்தான். கேட்க வேண்டியது 'லோ இ.எஸ்.ஆர்., 105 டிகிரி'. பானசோனிக், ரூபிகான், நிச்சிக்கான் ஆகியவற்றின் அதற்குரிய வரிசைகளைப் பார்த்து வாங்க வேண்டும். கம்பெனி பெயர் மட்டும் போதாது, வரிசையின் பெயரும் முக்கியம். வோல்ட் ஒரு படி கூடலாம், குறையக் கூடாது. குறுக்களவு 8 மில்லிமீட்டரா 10 மில்லிமீட்டரா என்று அளந்துகொண்டு போக வேண்டும்.

சரியான பாகம் எவ்வளவு காலம் நிற்கும்? 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று முத்திரையிட்ட ஒரு கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்வோம். இவ்வகைக் கெப்பாசிட்டர்களில் சூடு 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. 65 டிகிரியில் வேலை செய்தால் நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடும் அலுவலகக் கம்ப்யூட்டரில் எட்டரை ஆண்டுக்கு மேல். 'தற்காலிக ஒட்டுவேலை' என்று இதை எப்படிச் சொல்வது?

போர்டை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு என்று இன்னும் நினைப்பவர்கள் டெல் நிறுவனத்தின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். 2003 மே முதல் 2005 ஜூலை வரை அந்நிறுவனம் அனுப்பிய கம்ப்யூட்டர்களில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம், கெட்ட கெப்பாசிட்டரால் பழுதாகும் அபாயத்தில் இருந்தன. ஆப்டிபிளெக்ஸ் வரிசைதான் அதிகம் அடிபட்டது. 2005-ல் மட்டும் பழுது நீக்கவும் மாற்றிக் கொடுக்கவும் 30 கோடி டாலரை அந்நிறுவனம் ஒதுக்கியது. இந்தப் போர்டுகளில் இருந்தவை முன்சொன்ன மலிவுத் தைவான் சரக்குமல்ல. ஜப்பானின் நிச்சிக்கான் தயாரித்தவை. பெரிய பெயர் மட்டும் காப்பாற்றாது, வரிசையும் தயாரான ஆண்டும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வழக்கு ஆவணங்கள் வெளிவந்து 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது இன்னொன்றும் தெரிந்தது. பழுதான போர்டுக்குப் பதிலாக மாட்டிய போர்டுகளிலும் சில அதே கோளாறு உள்ளவை. போர்டை மாற்றியும் நோய் அப்படியே இருந்தது. காரணம் எதுவென்று பார்த்து அதை நீக்காமல், காரணத்தைச் சுமந்துகொண்டிருக்கும் பலகையை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

3. "டெக்னீஷியனின் நேரத்துக்கு இது கட்டாது."

யாருடைய நேரம், எதோடு ஒப்பிட்டுக் கட்டாது? கை பழகியவருக்கு ஒரு டஜன் கெப்பாசிட்டரை மாற்றுவது ஒன்றரை மணி நேர வேலை. எதிர்த்தட்டில் போர்டின் விலையை மட்டும் வைக்கிறார்கள். அதுதான் இந்தக் கணக்கிலுள்ள ஓட்டை. பல வருடப் பழைய போர்டுக்கு இணையான புதிய போர்டு சந்தையில் இருக்காது. புதிய போர்டில் பழைய ப்ராசசர் உட்காராது. டிடிஆர்2 ராம், டிடிஆர்4 துளையில் நுழையாது. ஆக, போர்டு மாற்றம் என்பது போர்டு, ப்ராசசர், ராம் மூன்றின் மாற்றம். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது, அதுவும் போகும். பிறகு விண்டோஸ் ஏற்றி, டிரைவர் தேடி, டேலியையும் பிரிண்டரையும் மறுபடி நிறுவி, பழைய ஃபைல்களைக் கொண்டுவந்து சேர்க்க அரைநாள் ஆகும். அந்த அரைநாளுக்கு யாரும் கூலிக் கணக்கு எழுதுவதில்லை, ஏனென்றால் அது வாடிக்கையாளர் தலையில் விழுகிறது.

லேத் பட்டறையில் சிஎன்சி இயந்திரத்தை ஓட்டும் கம்ப்யூட்டரை நினைத்துப்பாருங்கள். அதன் கட்டுப்பாட்டு அட்டை ஐஎஸ்ஏ என்ற பழைய வகைத் துளையில் உட்கார்ந்திருக்கும். அந்தத் துளை உள்ள போர்டை இன்றைய கம்ப்யூட்டர் கடையில் வாங்க முடியாது. மென்பொருள் எழுதிய கம்பெனியே இல்லாமல் போயிருக்கலாம். இங்கே 'போர்டு டெட்' என்று சொல்வது பல லட்சம் ரூபாய் இயந்திரத்தையே முடக்குவதற்குச் சமம். எடை மேடைகளிலும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் இதே கதைதான். இவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு கெப்பாசிட்டரும் ஒரு அயர்னும்தான் மலிவான ஒரே வழி. அந்த வழியைத் தெரிந்துவைத்திருக்கும் மனிதர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

4. "பழைய மெஷினை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்?"

வேகம் போதவில்லை என்றால் மாற்றுங்கள், அதில் எனக்கு எதிர்ப்பில்லை. பெண்டியம் 4 காலத்துச் சில ப்ராசசர்கள் மின்சாரத்தை மட்டுமீறி இழுத்தன. அவற்றை ஓய்வுபெறச் செய்வது நியாயமே. ஆனால் அது உரிமையாளர் தன் தேவையைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. நேற்று மாலை வரை தேவையைப் பூர்த்திசெய்த கம்ப்யூட்டர், ஒரு கெப்பாசிட்டர் உப்பியதால் இன்று காலை பழசாகிவிடாது. ரசீது போட்டுக்கொண்டும் கடிதம் அடித்துக்கொண்டும் இருந்த மெஷினுக்கு வேகம் போதவில்லை என்று சொன்னது யார்?

புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்ற கணக்கிலும் பாதியை மறைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் செலவழிக்கும் ஆற்றலில் கணிசமான பகுதி அது நம் மேசைக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. 17 அங்குல குழாய்த் திரையோடு கூடிய ஒரு மேசைக் கம்ப்யூட்டரைத் தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள், ஒன்றரை டன் நீர் வேண்டியிருந்தது என்று ஐ.நா. பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2004-லேயே சொன்னது. வேலை செய்யக்கூடிய போர்டைக் குப்பையில் போடும்போது இதில் ஒரு பங்கையும் சேர்த்துப் போடுகிறோம்.

அந்தக் குப்பை எங்கே போகிறது? 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். மற்றவற்றில் ஒரு பகுதி நம் நாட்டில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் சாட்சி. ராம்கங்கை ஆற்றங்கரையில் போர்டுகளை எரித்துச் செம்பு எடுத்தார்கள். அமிலத்தில் ஊறவைத்து மற்ற உலோகங்களைப் பிரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் ஏழைகள், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. காயலான் கடைக்குப் போகும் ஒரு போர்டின் பயணம் அங்கே முடியக்கூடும் என்று தெரிந்தும், உப்பிய நாலு கெப்பாசிட்டருக்காக அதை அனுப்புவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

5. "இப்போதெல்லாம் சாலிட் கெப்பாசிட்டர், இந்த வேலைக்கே அவசியமில்லை."

மதர்போர்டைப் பொறுத்தவரை இது பெருமளவு சரி. திரவத்துக்குப் பதிலாகத் திடப் பாலிமர் கொண்ட கெப்பாசிட்டர்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. திரவம் இல்லாததால் கசிவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே மேசையைச் சுற்றிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் திரவக் கெப்பாசிட்டர், மானிட்டரின் பவர் போர்டில் திரவக் கெப்பாசிட்டர், ரவுட்டரின் அடாப்டரில், டிவியில், யுபிஎஸ்ஸில், எல்இடி விளக்கின் டிரைவரில் எல்லாம் அதுவேதான். மானிட்டர் ஒரு நொடி மின்னி அணைகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியதும் அதைத்தான். தேவை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். மதர்போர்டில் வேலை செய்யும் தைரியத்தோடு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கைவைக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேராக்கப்பட்டு, பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கலாம். அதை முறையாக வடிக்கவும் அளந்து உறுதிசெய்யவும் தெரியாதவர் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

எல்லாப் போர்டையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சிப்செட் எரிந்திருந்தால், பாதைகள் கருகியிருந்தால், கசிந்த திரவம் உள்ளடுக்கு வரை அரித்திருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் அதை ஆராய்ந்து பார்த்த பிறகு சொல்ல வேண்டும். இன்று நடப்பது என்ன? ராமைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது, வேறு எஸ்எம்பிஎஸ் கொடுத்துப் பார்ப்பது, இரண்டிலும் வராவிட்டால் போர்டு டெட். எந்த மின்னழுத்தம் எங்கே நின்றது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பவர் அரிது. 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை மாட்டிய கடைகளில்கூடப் பல, போர்டை வேறு எங்கோ அனுப்பித்தான் வாங்கிக் கொடுக்கின்றன. ஐடிஐ-யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்து சால்டரிங் பழகிய பையன் இந்தக் கடைக்கு வந்து ஸ்க்ரூ டிரைவர் மட்டும் பிடிக்கிறான். நாளடைவில் கற்றதும் மறந்துபோகிறது. மாற்றிக் கொடுப்பதே தொழில் என்று ஆகிவிட்டால் அவனுக்குச் சம்பளம் உயரவும் காரணமிருக்காது, அந்த வேலையை யாரும் செய்யலாம்.

அடுத்த முறை உங்களிடம் "போர்டு போயிடுச்சு" என்று சொன்னால், போர்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாகம் என்று கேளுங்கள். தலை உப்பிய உருளைகள் தெரிந்தால், அந்த வரிசை முழுவதையும் 105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர். ரகத்தில் மாற்றித் தர எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். முடியாது என்றால் போர்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். தெருக்கோடி மொபைல் கடையில் ஸ்டேஷனும் பம்ப்பும் ஃபிளக்ஸும் தயாராக இருக்கின்றன, அங்கே கேளுங்கள். சர்வீஸ் செய்கிறவராக நீங்கள் இருந்தால், காயலான் கடைக்கு ஒதுக்கிவைத்திருக்கும் போர்டுகளில் ஒன்றை எடுத்து முதலில் அதில் பழகுங்கள். கெட்டாலும் நஷ்டமில்லை. நாலாவது கெப்பாசிட்டருக்குள் கை பழகிவிடும்.